தேர்ந்துகொள்ளப்பட்டவர் யார்?

1956 நவம்பர் 23. விடியலுக்கு முன், அரியலூரை அடுத்த மருதையாற்றுப் பாலம் வெள்ளத்தில் உடைந்து, தூத்துக்குடி விரைவுவண்டி ஆற்றில் வீழ்ந்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவ்வண்டியில் ஏறவேண்டிய என் பெரியப்பா, பெரம்பலூரிலிருந்து மழையில் வந்து சேரத் தாமதமாகி, உயிர் தப்பினார்.

“என் மகனை ஆண்டவர் தேர்ந்துகொண்டார்” என்று பாட்டி காண்போரிடமெல்லாம் சாட்சி சொன்னார். ஒருநாள், அதே வண்டியில் மகனைப் பறிகொடுத்த அண்டைவீட்டுப் பெண்மணி கேட்டார்: “அப்படியானால் அக்கா, என் பிள்ளையை அவர் தள்ளிவிட்டாரா?”

பாட்டி வாயடைத்துப் போனார்.

அக்கேள்வி என்னையும் விட்டதில்லை. கடவுளை எல்லாம் வல்லவர் என்று அறிக்கையிடும் நாவால் இதற்கு என்ன விடை கூறுவேன்? சீலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் மடிந்ததைப் பற்றி இயேசு பேசினார் (லூக்கா 13). இறந்தோர் மற்றவரைவிடப் பெரும் பாவிகள் அல்லர் என்றார். கோபுரம் ஏன் விழுந்தது என்று அவர் விளக்கவில்லை. உயிரோடிருந்தோரை மனந்திரும்ப அழைத்தார்.

பாட்டி அதன்பின் சாட்சி சொல்லவில்லை. அப்பெண்மணியின் கைப்பிடித்து, வீரமாமுனிவர் பணிபுரிந்த ஏலாக்குறிச்சிக்குச் சென்றார். அடைக்கல அன்னையின் முன் இருவரும் சேர்ந்து அழுதார்கள். பெரியப்பாவோ, அந்தத் தாயின் இறுதிநாள்வரை அவருக்கும் மகனாய் இருந்தார்.

ஆண்டவரின் திட்டம் எனக்கு இன்றும் விளங்கவில்லை. ஆயினும், தேர்ந்துகொள்ளப்படுவதன் பொருள் அதுவே என்று நம்பத் துணிகிறேன்.