பையனும் பன்னிரண்டு டிரைவரும்

ரெண்டு வாரமாக எங்கள் வீட்டில் ஒரு சண்டை. பையனுக்கும் எனக்கும் இல்லை. பையனுக்கும் தங்கமணிக்கும் இல்லை (அது தினப்படி நடப்பது, கணக்கில் வராது). பையனுக்கும் லினக்ஸ் கெர்னலுக்கும். நடுவில் நான் எப்படி மாட்டினேன் என்பதுதான் இந்தப் பதிவு.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் பி.காம். கம்ப்யூட்டர் என்றால் எனக்கு கோர் பேங்கிங் திரையும் எக்செல்லும்தான். ஏதாவது தப்பாக எழுதியிருந்தால் பையனைத் திட்டுங்கள், என்னை விட்டுவிடுங்கள் :)

பையன் இஞ்சினியரிங் மூன்றாம் வருஷம். கெர்னலில் தன் பேர் வரவேண்டும் என்று ஆசை. சுலபமான வழி என்று அவன் கண்டுபிடித்தது இது: பழைய நெட்வொர்க் கார்டு டிரைவர்களாகப் பார்த்துப் பன்னிரண்டை எடுத்து, அதிலிருக்கும் "வாங்கினதைத் திருப்பிக் கொடுக்கும்" பகுதிகளை எல்லாம் புது முறைக்கு மாற்றி, பன்னிரண்டு பேட்ச் அனுப்புவது. அனுப்பினான். ரெண்டாம் நாள் ராத்திரி சாப்பிட வரவில்லை. போய்ப் பார்த்தால் லேப்டாப் முன்னால் தலையைக் கவிழ்த்து உட்கார்ந்திருக்கிறான்.

பதில் ரெண்டு வந்திருந்தது. முதல் ஆள், பழைய டிரைவர்களில் இப்படி மொத்தமாக மாற்றுவதை இங்கே விரும்புவதில்லை என்று சொல்லியிருந்தார். இரண்டாவது ஆள் மூன்றாம் பேட்ச்சை மட்டும் எடுத்து, "விட்டுக் கொடுத்த நினைவகத்தை இது மறுபடி தொடும்" என்று ரெண்டே வரி. முதல் பதிலுக்குப் பையனுக்குக் கோபம். இரண்டாவதுக்குப் பேச்சே இல்லை. அதில்தான் விஷயம் இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. ஆடிட்டர் நீளமாக எழுதினால் பயப்பட வேண்டாம், ஒரே வரியில் எழுதினால்தான் வயிற்றைக் கலக்கும்.

"எனக்குப் புரியற மாதிரி சொல்லுடா" என்றேன். "உங்களுக்குப் புரியாதுப்பா" என்றான். சரி, நானும் பிடிவாதக்காரன்.

ஒரு கார்டைப் பார்த்ததும் கெர்னல் அதற்கான டிரைவரில் ப்ரோப் என்ற பகுதியைக் கூப்பிடும். அது வரிசையாகச் சிலதைக் கேட்டு வாங்கும். நினைவகத்தில் இடம். கார்டின் ரிஜிஸ்டர்களைத் தொட ஒரு வழி. இன்டரப்ட், அதாவது "பாக்கெட் வந்திருக்கு, கவனி" என்று கார்டு அடிக்கிற மணி. கடைசியாக நெட்வொர்க் அடுக்கிடம் போய், புதிதாக ஒரு இடைமுகம் வந்திருக்கிறது என்று பதிவு. ஐந்தாம் படியில் சொதப்பினால் முதல் நாலையும் திருப்பித் தந்துவிட்டுத்தான் வெளியே வரவேண்டும். நாலாவதில் சொதப்பினால் மூன்றை. அதுவும் தலைகீழ் வரிசையில். இதற்காக ஃபங்ஷனின் அடியில் படிக்கட்டு மாதிரி லேபிள்களை அடுக்கி, எந்தப் படியில் விழுந்தோமோ அந்த இடத்துக்கு கோ-டூ போட்டுத் தாவுவார்கள். டிரைவரைக் கழற்றும்போது ரிமூவ் என்று இன்னொரு பகுதி. அதுவும் இதே வேலையை மறுபடி செய்யும்.

கேட்டுக்கொண்டே இருந்த எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கிளை திறந்து மூடுகிற கதை இது! காலையில் முதலில் ஷட்டர், அப்புறம் ஸ்ட்ராங் ரூம் (ரெண்டு பேர் சாவி), அப்புறம் கேஷ் வெளியே, அப்புறம் கவுண்டர். சாயங்காலம் அப்படியே தலைகீழ். கேஷியர் பெட்டி உள்ளே வராமல் ஸ்ட்ராங் ரூமைப் பூட்டினவன் கதி என்ன என்று இருபது வருஷ சர்வீஸ் போட்ட எவனைக் கேட்டாலும் சொல்வான்.

பையன் நிமிர்ந்து உட்கார்ந்தான். அதற்கப்புறம் பேச்சு சுலபமாகிவிட்டது.

புது முறை என்றேனே, அது ஒன்றும் நேற்று வந்ததில்லை. 2007-ல் 2.6.21 பதிப்பில் வந்தது. டேஜுன் ஹோ என்பவர் எழுதினார். அப்போது ஹார்டு டிஸ்க் சம்பந்தமான லிப்அட்டா வேலையில் இருந்தார், அதற்காகப் பிறந்தது. யோசனை எளிமையானது. ஒவ்வொரு சாதனத்துக்கும் கெர்னல் ஒரு பட்டியல் வைத்திருக்கும். டெவ்எம் என்று பேர் தொடங்கும் ஃபங்ஷன்கள் வழியாக எதை வாங்கினாலும் அது பட்டியலில் ஏறும். ப்ரோப் பாதியில் விழுந்தாலும் சரி, டிரைவரைக் கழற்றினாலும் சரி, கெர்னலே கடைசி வரியிலிருந்து மேல்நோக்கிப் போய் ஒவ்வொன்றாக விடுவித்துவிடும். படிக்கட்டு லேபிளும் வேண்டாம், ஞாபகமும் வேண்டாம்.

எனக்கு இது ரொம்பப் பிடித்தது. அதற்குக் காரணம் ஒரு பழைய உறுத்தல். கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2011. வேறொரு ஊர், வேறொரு கிளை, பேர் வேண்டாம். ரிட்டயர்டு வாத்தியார் ஒருவர் வீட்டுக் கடனை முழுசாகக் கட்டி முடித்தார். நான்தான் கணக்கை மூடிக் கையெழுத்துப் போட்டேன். மூலப் பத்திரம் எங்கள் கிளையில் இல்லை, வேறொரு அலுவலகத்தில் இருந்தது. அதைக் கேட்டு நான் ஒரு கடிதம் அனுப்ப வேண்டும். "ஒரு வாரத்தில் வந்துடும் சார்" என்றேன். திங்கட்கிழமை அனுப்பலாம் என்று வைத்தேன். சனிக்கிழமை எனக்கு டிரான்ஸ்ஃபர் ஆர்டர். பொறுப்பு ஒப்படைத்த குறிப்பில் நிலுவையில் உள்ளதை எல்லாம் எழுதினேன், இதை எழுதவில்லை. திரையிலும் எங்கும் தெரியாது, கணக்குதான் பூஜ்யமாகி மூடியாச்சே! அவருக்குப் பத்திரம் கிடைக்க அஞ்சு மாசம். அதற்குள் பெண் கல்யாணம். வீட்டை ஒட்டிய மனையை விற்கலாம் என்று இருந்திருக்கிறார், அதுவும் அதே பத்திரத்தில். வாங்க வந்தவர் போய்விட்டார். வட்டிக்கு வாங்கித்தான் கல்யாணம் நடத்தினார். பழைய கிளை நண்பர் போனில் சொல்லித்தான் எனக்கே தெரியும்.

இப்போது விதி வந்துவிட்டது. 2023 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி போட்டது: கடன் முழுசாக அடைந்த 30 நாளுக்குள் மூலப் பத்திரத்தைக் கொடுக்க வேண்டும், வங்கியால் தாமதம் என்றால் ஒரு நாளைக்கு 5,000 ரூபாய் வாடிக்கையாளருக்கு. அந்த வருஷம் டிசம்பர் 1 முதல் அமல். ஒருத்தன் ஞாபகத்தை நம்பி எதையும் விடக்கூடாது என்பதற்கு நானே சாட்சி. ஆகவே டெவ்எம் கட்சியில் உடனே சேர்ந்துவிட்டேன். "அப்புறம் ஏண்டா வேண்டாம்கிறாங்க? பொறாமையா?" என்று கேட்டேன்.

"அவங்க சொல்றதும் சரிதான்" என்று முனகினான்.

நெட்வொர்க் பகுதியைப் பார்த்துக்கொள்பவர்கள் இதை எழுதியே வைத்திருக்கிறார்கள். தானாகச் சுத்தம் செய்யும் வசதிகள் மேல் அவர்களுக்கு எப்போதுமே கொஞ்சம் சந்தேகம். டெவ்எம் ஏற்றுக்கொள்ளத்தக்கது, ஆனால் அவர்கள் விரும்பும் பாணி அல்ல. வேறு வேலையின் பகுதியாக இல்லாமல், வெறும் மாற்றத்துக்காகப் பழைய டிரைவரை மாற்றிக்கொண்டு வராதீர்கள் என்றும் இருக்கிறது. பையன் அதைப் படிக்காமலே பன்னிரண்டு அனுப்பியிருக்கிறான். (சர்க்குலர் படிக்காமல் லோன் சாங்ஷன் செய்கிற ஜாதி. யாரைக் கொண்டு பிறந்திருக்கிறான் என்று தங்கமணி கேட்டாள், நான் பதில் சொல்லவில்லை.)

சந்தேகத்துக்குக் காரணம் மூன்றாம் பேட்ச்சிலேயே இருந்தது. பழைய டிரைவர் ரிமூவில் முதலில் பதிவை நீக்கும், அப்புறம் இன்டரப்டை விடும், கடைசியில் நெட்வொர்க் சாதனத்துக்கான நினைவகத்தை விடும். எல்லாம் கையால், சரியான வரிசையில். பையன் இன்டரப்டை மட்டும் டெவ்எம்முக்கு மாற்றி, விடுகிற அந்த வரியை அழித்துவிட்டான். நினைவகத்தைப் பழையபடி கையாலேயே விட வைத்தான். பட்டியல் எப்போது ஓடும்? ரிமூவ் முழுசாக முடிந்த பிறகு! அதாவது நினைவகம் போய்விட்டது, இன்டரப்ட் இன்னும் உயிரோடு. அந்த இடைவெளியில் மணி அடித்தால், பதில் சொல்லும் ஃபங்ஷன் இல்லாத நினைவகத்தில் கை வைக்கும்.

கேஷ் உள்ளே வைத்து ஸ்ட்ராங் ரூமைப் பூட்டியாச்சு, கவுண்டர் கதவு மட்டும் திறந்திருக்கிறது. வாடிக்கையாளர் வந்து செக்கை நீட்டுகிறார்.

"ஆனா கார்டைத்தான் அதுக்கு முன்னாடியே நிறுத்தியாச்சே, மணி எப்படி அடிக்கும்?" இது நான். (என்னைக் குறைச்சு எடை போடாதீர்கள்!) அதற்கு அவன் சொன்னது எனக்குப் புதுசு. பழைய பிசிஐ கார்டுகளில் ஒரே இன்டரப்ட் கம்பியைப் பல சாதனங்கள் பகிர்ந்துகொள்ளும். பக்கத்தில் இருக்கிற சவுண்டு கார்டு மணி அடித்தாலும் கெர்னல் அந்தக் கம்பியில் இருக்கும் எல்லாரையும் "உன்னுடையதா, உன்னுடையதா" என்று கேட்கும். நம் டிரைவரையும் கேட்கும்.

அவன் சோதிக்காமலா அனுப்பினான்? சோதித்திருக்கிறான். பழைய சாமான் கடையில் வாங்கிய கம்ப்யூட்டரில், அதே கார்டோடு, பத்து தடவை ஏற்றி இறக்கி. ஒன்றும் ஆகவில்லை. இடைவெளி அவ்வளவு சின்னது. அப்புறம்தான் கெர்னலிலேயே ஒரு வசதி இருப்பதைப் பார்த்தான். பகிர்ந்த இன்டரப்டை விடுகிற நேரத்தில், வேண்டுமென்றே ஒரு பொய் மணி அடித்துப் பார்க்கும்படி கெர்னலைக் கட்டலாம். கூடவே காசன் என்றொரு காவலாளி, விட்ட நினைவகத்தை யார் தொட்டாலும் பிடித்துக்கொடுக்கும். சர்ப்ரைஸ் இன்ஸ்பெக்‌ஷன்! ரெண்டையும் போட்டு ஓட்டினான். முதல் தடவையிலேயே திரை முழுக்கச் சிவப்புக் கொடி.

மற்ற பதினொன்றையும் அப்படியே பார்த்தோம். பார்த்தோம் என்ன, அவன் பார்த்தான், நான் காபி குடித்தேன். ஒன்றில் இன்னொரு வில்லங்கம். இடைமுகத்தை இயக்கும் ஓப்பன் பகுதியில் வாங்குகிற நினைவகத்தை டெவ்எம் ஆக்கியிருந்தான். பட்டியல் ஓடுவது டிரைவர் கழலும்போதுதான், இடைமுகத்தை அணைக்கும்போது இல்லை. ஆக அணைத்து அணைத்துப் போட்டால் ஒவ்வொரு தடவையும் புதுசாக ஒன்று சேர்ந்துகொண்டே போகும். எது எவ்வளவு நாள் உயிரோடு இருக்க வேண்டும் என்று யோசிக்காமல் முன்னால் டெவ்எம் ஒட்டியதால் வந்த வினை.

நெட்வொர்க் சாதனத்தில் இதற்கு மேலும் ஒரு சிக்கல். டிரைவர் மட்டும் அதை வைத்திருப்பதில்லை, கெர்னலில் வேறு யார் யாரோ அதைக் கையில் பிடித்திருப்பார்கள். பதிவை நீக்கப் போனால், எல்லாரும் விடும்வரை கெர்னல் காத்திருக்கும். யாராவது விடாமல் இருந்தால், இன்னும் ஒரு பிடி பாக்கி, காத்திருக்கிறேன் என்று திரும்பத் திரும்ப அறிவிப்பு வரும். லியன் போட்ட டெபாசிட்டை மூடப் பார்த்தவர்களுக்கு இந்த அறிவிப்பின் அருமை தெரியும்.

2020-ல் நெட்வொர்க் சாதனப் பதிவுக்கும் ஒரு டெவ்எம் வடிவம் வந்தது. அதில் ஒரு கண்டிஷன் எனக்குப் பிடித்தது. சாதனத்தின் நினைவகத்தையும் டெவ்எம் வழியாக வாங்கியிருந்தால்தான் அது பதிவு செய்யும். இல்லையென்றால் எச்சரித்துத் திருப்பி அனுப்பிவிடும். பாதி கையால், பாதி தானாக என்பது அங்கே செல்லாது. முழுக்கக் கையால் எழுதினாலும் பிழைத்துக்கொள்ளலாம், முழுக்கப் பட்டியலிலும் பிழைத்துக்கொள்ளலாம். பையன் செய்த கலப்படம்தான் ஆபத்து.

கடைசியில் பன்னிரண்டையும் வாபஸ் வாங்கினான். "தவறு என்னுடையது, நன்றி" என்று பதில் எழுத அரை மணி நேரம் ஆயிற்று. நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன், ஒன்றும் சொல்லவில்லை.

ஆனால் அத்தனை டிரைவரையும் வரி வரியாகப் படித்ததில் ஒன்று கிடைத்தது. அதே மூன்றாம் டிரைவரின் பழைய கோடில், பதிவு தோற்றுப்போனால் தாவவேண்டிய லேபிள் ஒரு படி கீழே இருந்தது. கார்டு பாக்கெட் போடுவதற்காக ஒதுக்கிய நினைவகம் திரும்பிப் போவதே இல்லை. பதிவு தோற்பது அபூர்வம், அதனால் யாரும் கவனிக்கவில்லை. பையன் பதிவை வேண்டுமென்றே தோற்க வைத்துச் சோதித்தான், கசிவு நிஜம். டெவ்எம் எதுவும் வேண்டாம், லேபிள் பேர் ஒன்றை மாற்றினால் போதும். ஒரே வரி.

அந்த ஒரு வரியோடு, தப்பு எந்த பேட்ச்சில் முதலில் நுழைந்தது என்று தேடி, அதன் அடையாள எண்ணோடு ஒரு குறிப்பு வைக்க வேண்டுமாம். எந்த வவுச்சரில் பிழை என்று எழுதாமல் திருத்தப் பதிவு போடக்கூடாது, அவ்வளவுதான். தேடிக் கண்டுபிடித்தான். பல வருஷத்துக்கு முந்தின மாற்றம். எழுதினவர் இப்போது அந்த வேலையில் இருக்கிறாரோ இல்லையோ.

நேற்று ராத்திரி அதை அனுப்புகிறதுக்கு முன்னால் திடீரென்று கேட்டான்: "அப்பா, அந்த வாத்தியார்கிட்ட நீங்க அப்புறம் பேசினீங்களா?"

இல்லை என்றேன்.

"ஏன்?"

ஆறு மாசம் கழித்துப் போன் பண்ணலாம் என்று நம்பர் வாங்கி வைத்தேன், பண்ணவில்லை. அவன் ஒன்றும் சொல்லாமல் திரும்பி பேட்ச்சை அனுப்பினான். அந்த டைரி இன்னும் பீரோவில்தான் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை தேடணும்.