வாத்துக்கு ஒன்பது மணி

இங்கே பொழுது சாய மாலை ஏழேகால் ஆகிவிடும். கோழிகளை யாரும் கூப்பிட வேண்டாம்; வெளிச்சம் மங்கியதும் ஒவ்வொன்றாய்ப் பலகை ஏறி ரெபானுக்குள் போய்விடும். கோழிக்கூட்டுக்கு மலாய்க்காரர் சொல்லும் பேர்தான் ரெபான். எனக்கும் அதுவே வாயில் வருகிறது. வாத்துகளுக்கு அந்த நல்ல புத்தி கிடையாது. ஒன்பது வாத்தையும் நானும் மாமியாரும் ஆளுக்கொரு மூங்கில் குச்சியோடு வாய்க்கால் ஓரமாய் வளைத்துக்கொண்டு வர வேண்டும். ஒன்று திரும்பினால் ஒன்பதும் திரும்பும்.

நான் கும்பகோணத்துப் பக்கத்துக்காரி. அறுவடை முடிந்த வயலில் ஆயிரம் வாத்து மேய, பின்னால் ஒரே ஒரு ஆள் கோலோடு நடப்பதைப் பார்த்து வளர்ந்தவள். ராத்திரிக்கு வரப்போரம் வலை கட்டிப் பட்டி போடுவார்கள். நாலு நாளில் அடுத்த ஊர். வாத்து என்றால் நாடோடி என்றுதான் மனதில் இருந்தது. அது கொல்லையில் கோழியோடு குடித்தனம் நடத்தும் என்பது, மலேசியாவின் நெகிரி செம்பிலான் மாநிலத்தில் ரந்தாவ் பக்கம் வாழ்க்கைப்பட்டு வந்த பிறகுதான் தெரிந்தது.

அத்தை பால்மரம் சீவியே மூன்று பிள்ளைகளை வளர்த்தவர். ரப்பரை அழித்துச் செம்பனை வைத்தபோது, குப்பையில் கிடந்த பால் மங்குகளை ஒரு சாக்கு நிறையக் கொண்டுவந்து வைத்திருக்கிறார். மரத்தில் கம்பியால் கட்டி ரப்பர் பால் பிடிக்கும் சின்னக் கிண்ணம்தான் மங்கு. அதன் அருமை எனக்குப் புரிய ஒரு வருஷம் ஆனது.

முதல் வருஷம் நான் செய்த கூத்தைச் சொல்கிறேன். இரண்டு கூடு எதற்கு என்று கெட்டிக்காரத்தனமாக ஒரே கூடாகக் கட்டச் சொன்னேன். மேலே கோழி உட்காரக் கழி, கீழே வாத்துக்கு மரத்தூள், மூலையில் தண்ணீர்த் தொட்டி. மூன்றாம் நாளே கூடு சேறாகிவிட்டது. வாத்துக்கு மூக்குத் துவாரம் முங்கும் அளவாவது தண்ணீர் வேண்டும். ஒரு வாய் தீனி எடுக்கும், தொட்டிக்கு ஓடி அலசும், மறுபடி ஓடிவரும். தீனியெல்லாம் தண்ணீரில், தண்ணீரெல்லாம் தரையில். எச்சமும் கோழி எச்சத்தைவிட நீர்த்தது. கோழிக்கோ ஈரம் ஆகவே ஆகாது. ஈர மரத்தூளில் ரத்தக் கழிச்சல் கிருமி பெருகி, எட்டுக் கோழிக்குஞ்சு ஒரே வாரத்தில் போயின. போதாததற்கு மேலிருந்த கோழிகள் ராத்திரி முழுக்க வாத்துகள் முதுகில் எச்சமிட்டன.

அத்தை ஒரு வார்த்தை திட்டவில்லை. மறுநாள் தொட்டியைத் தூக்கி வெளியே வாய்க்கால் ஓரம் வைத்தார். கூட்டுக்கு நடுவே பழைய தகரத்தை நிறுத்தி, வாத்துக்குத் தனிக் கதவு விட்டார். பிறகு கொல்லையில் இரண்டு கழி நட்டு, மரத்தில் கட்டுகிற மாதிரியே கம்பி சுற்றி மங்குகளைத் தொங்கவிட்டார். பக்கத்தில் ஒரு குறுக்குக் கட்டை. கோழி பறந்து கட்டையில் உட்கார்ந்து மங்கில் குடிக்கும். வாத்து கீழே நின்று அண்ணாந்து பார்க்கும், அவ்வளவுதான். மங்கு தண்ணீர் சாயங்காலம் வரை தெளிவாகவே இருந்தது.

அடுத்த பாடம் தீனியில். கோழிக்குஞ்சுத் தீனியையே தின்ற வாத்துக்குஞ்சுகளில் இரண்டு, கால் மடங்கி உட்கார்ந்துவிட்டன. வாத்துக்குஞ்சுக்கு நியாசின் என்ற வைட்டமின் கோழிக்குஞ்சைவிட நிறைய வேண்டும். பற்றாவிட்டால் கால் வளைந்துவிடும் என்று பிறகு படித்தேன். ரொட்டிக்கு மாவு புளிக்க வைக்கும் ஈஸ்டைத் தீனியில் தூவினேன். அத்தை நெத்திலித் தலைகளை இடித்துப் போட்டார். ஒன்று எழுந்து நடந்தது. எது காப்பாற்றியது என்பதில் எங்களுக்குள் இன்னும் வழக்கு இருக்கிறது.

ஆண் வாத்து விஷயம் கொஞ்சம் கூச்சமானது, ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். பெட்டை வாத்து போதாவிட்டால் அது கோழி மேல் ஏறும். சேவலுக்கு இல்லாத உறுப்பு அதற்கு உண்டு. கோழியின் உடம்பு அதைத் தாங்காது, உள்ளே கிழிந்து செத்தே போகும். அதனால் அத்தை ஒரு ஆணுக்கு மேல் வைத்துக்கொள்வதில்லை. மிச்ச ஆண்கள் நோன்புப் பெருநாளுக்குள் பக்கத்துக் கம்பத்து, அதாவது மலாய்க் கிராமத்து, மக்சிக் வீட்டுக்குப் போய்விடும். வயதில் மூத்த பெண்ணை மலாய்க்காரர் மக்சிக் என்பார்கள். வாத்தைப் புகையில் வாட்டி, தேங்காய்ப் பாலும் மஞ்சளும் இடித்த காந்தாரி மிளகாயும் சேர்த்துக் கொதிக்கவிடும் குழம்பு இந்த மாநிலத்துக்கே பேர் போனது. உறைப்பில் நம் செட்டிநாட்டுக் குழம்பு அதன் கிட்டே நிற்காது.

கோழி நோய் என்றால் அத்தைக்குப் பயம் வெள்ளைக் கழிச்சல்தான், ராணிக்கேத். வாத்துக்கு அது வந்தாலும் பெரும்பாலும் வெளியே தெரியாது. கோழிக்குக் கொடுத்துவிட்டுப் பேசாமல் நீந்திக்கொண்டிருக்கும். 1980களில் செர்டாங்கில் மலேசிய விவசாயப் பல்கலைக்கழகத்தார் ஆஸ்திரேலிய விஞ்ஞானிகளோடு சேர்ந்து, வெயில் தாங்கும் தடுப்பு மருந்து ஒன்றைத் தீனியில் கலந்து கம்பத்துக் கோழிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். காரணம் எளிது: கொல்லைக் கோழியைப் பிடித்து ஊசி போடுவது யாரால் ஆகும்?

ஆனால் அத்தை ரெபானை ரம்புத்தான் மரத்தடியிலிருந்து நகர்த்தியதற்குக் காரணம் கோழி நோய் அல்ல. கேரளத்தில் 2018-ல் நீங்கள் கேள்விப்பட்ட நிபா, பேர் வாங்கியது இந்த மாநிலத்துச் சுங்கை நிபா கிராமத்தில்தான். 1998, 99-ல் புக்கிட் பெலாண்டோக் பக்கத்துப் பன்றிப் பண்ணைகளில் அது பரவியபோது, முதலில் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று நினைத்துக் கொசுவுக்குப் புகை அடித்தார்கள். மலேசியாவில் 265 பேருக்கு வந்து 105 பேர் இறந்தார்கள். பத்து லட்சத்துக்கு மேல் பன்றிகளைக் கொன்றார்கள். பழமரத்துக்கு வந்த வௌவால் கடித்துப் போட்டதைக் கொட்டிலில் இருந்த பன்றி தின்றதில் தொடங்கியிருக்க வேண்டும் என்பது பிறகு தெரிந்தது.

“கோழிக்கு அந்த நோய் வந்ததா யாரும் சொல்லலையே அத்தை” என்றேன் ஒருமுறை.

“பன்றிக்கு வரும்னு மட்டும் முன்னாடியே யாரும் சொன்னாங்களா?” என்றார்.

இப்போது காலை ஏழு மணிக்குக் கோழிக் கதவு திறக்கும், ஒன்பது மணிக்குத்தான் வாத்துக் கதவு. வாத்து பெரும்பாலும் விடிவதற்குள் முட்டையிடும்; சில மட்டும் தாமதிக்கும். சீக்கிரம் விட்டுவிட்டால் சில முட்டைகள் வாய்க்காலுக்குப் போய்விடும். தோட்டத்தில் பிரட்டுக்கு, அதாவது பேர் கூப்பிட்டு ஆள் கணக்கெடுப்பதற்கு, நின்று பேர் கொடுத்த பழக்கத்தில் அத்தை ஐந்து மணிக்கே எழுந்துவிடுகிறார். கோழிகளை விட்டுவிட்டுக் கோப்பிக் கோப்பையோடு படியில் உட்கார்ந்தால், தகரத்துக்குப் பின்னாலிருந்து ஒன்பதும் சேர்ந்து கத்தத் தொடங்கும். “இருங்கடி, உங்க பேரை இன்னும் கூப்பிடலை” என்பார், திரும்பிப் பார்க்காமலே.