28 மூட்டுகள்

சித்தியின் விண்ணப்பத்தோடு இணைத்து அனுப்பிய கடிதங்களில் என் தூக்கத்தைக் கெடுப்பது ஒரே ஒரு வரிதான். மூட்டுவாத நிபுணர் குடும்ப மருத்துவருக்கு எழுதியது: நோயாளி நலமாக இருக்கிறார், நோய் தணிந்த நிலையில் உள்ளது. சித்தியைப் பற்றி ரொம்ப நாள் கழித்து வந்த நல்ல சேதி. அதைப் பார்த்துத்தான் எனக்குப் பயமாக இருக்கிறது.

சித்தி லண்டனில், ஈஸ்ட்ஹாமில் இருக்கிறார். முடக்குவாதம் வந்து 11 வருடம் ஆகிறது. ஓய்வூதிய வயதை எட்டாதவர்களுக்கு இங்கே 'பிப்' என்றொரு உதவித்தொகை உண்டு, 2013-இல் வந்தது. வருமானத்தைப் பார்க்க மாட்டார்கள். நோயின் பெயருக்கும் பணம் கிடையாது. சமைப்பது, குளிப்பது, உடுத்துவது, நடப்பது என 12 செயல்களில் எது முடிகிறது, எது முடியவில்லை என்பதற்குப் புள்ளிகள். அன்றாடச் செயல்களில் 8 புள்ளி எடுத்தால் ஒரு தொகை, 12 எடுத்தால் கூடுதல் தொகை. நடமாட்டத்துக்குத் தனியாக இதே கணக்கு.

நிபுணர் போட்டிருந்த மதிப்பெண் 2.4. 'டாஸ்28' என்ற அளவீட்டில் 2.6-க்குக் கீழே வந்தால் நோய் தணிந்ததாக அர்த்தம். 28 மூட்டுகளை அழுத்திப் பார்த்து, வலியையும் வீக்கத்தையும் எண்ணி, ரத்தப் பரிசோதனையையும் சேர்த்துப் போடுகிற கணக்கு. தோள், முழங்கை, மணிக்கட்டு, கைவிரல்கள், முழங்கால். அவ்வளவுதான். கணுக்காலும் பாதமும் அந்தப் பட்டியலிலேயே கிடையாது! சித்தியின் நடை போனதே பாதத்தால்தான்.

அளவீட்டைக் குறை சொல்ல மாட்டேன். மருந்து கேட்கிறதா என்று பார்க்க உண்டானது அது; கேட்டிருக்கிறது. ஏற்கெனவே அரித்துப்போன மூட்டை மருந்து திருப்பித் தராது, அது வேறு விஷயம். தெருமுனைக் கடை 40 மீட்டர் இருக்கும். சித்தி அங்கே போய்விடுவார். போனால் கடைக்காரர் போடும் நாற்காலியில் கால்மணி நேரம் உட்கார்ந்துதான் திரும்ப முடியும். ஒரு தடவை முடிந்தால் போதாது, தேவைப்படும்போதெல்லாம் முடிய வேண்டும் என்று விதியிலேயே இருக்கிறது. ஆனால் அந்த நாற்காலி எந்த மருத்துவர் கடிதத்திலும் வராது. என் தொழிலில், லாகில் இல்லாதது நடக்கவே இல்லை.

அந்த 'நலமாக' எப்படி வந்தது என்று எனக்குத் தெரியும். கூடப் போயிருந்தேன். "எப்படி இருக்கீங்க?" என்றார் மருத்துவர். "நல்லா இருக்கேன் டாக்டர்" என்பதைச் சித்தி ஆங்கிலத்தில் சொன்னார். நம்மூரில் அது பதிலா என்ன? வணக்கத்துக்கு வணக்கம். கடுதாசி எழுதினாலும் நலம், நலமறிய அவா என்றுதானே ஆரம்பித்தோம். அவர் அதைத் தகவலாக எடுத்துக்கொண்டார்.

ஈடுகட்ட இரண்டு வார நாட்குறிப்பு ஒன்று எழுதினோம். பாதிக்கு மேற்பட்ட நாட்களில் நிலைமை எப்படி என்பதுதான் கேள்வி, அதனால் நல்ல நாட்களையும் விடவில்லை. சண்டை வந்தது மூன்றாம் நாள்.

"சித்தப்பா ஹூக் மாட்டி விடுறதையுமா எழுதுவ? படிக்கிறவங்க என்னடா நெனப்பாங்க?"

"எழுதித்தான் ஆகணும் சித்தி."

மேலுடை உடுத்த இன்னொருவர் கை வேண்டுமென்றால் 4 புள்ளி. இதைச் சொல்லி விளக்கியபோது என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. சித்தி எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார். கொஞ்ச நேரம் கழித்து அங்கிருந்தே, "எழுதிக்கோ. உள்பாவாடைன்னு மட்டும் எழுதாத" என்றார்.

நிபுணர் கடிதத்தை வைக்காமலே அனுப்பலாமே என்று சித்தப்பா கேட்டார். மருந்துகளின் பட்டியல் அதில்தான் இருக்கிறது. தவிர, மறைத்தார்கள் என்ற பேச்சு நமக்கு வேண்டாம். வைத்தேன். கூடவே அரைப் பக்கக் குறிப்பு ஒன்றும்: இந்த அளவீடு பாதத்தை எண்ணுவதில்லை. அதைப் படிக்கப்போகிறவர், இவன் யார் மருத்துவருக்கு மேலே என்று நினைக்கலாம். நான் அவர் இடத்தில் இருந்தால் அப்படித்தான் நினைப்பேன்.

பாத சிகிச்சையாளரிடம் அடுத்த வியாழக்கிழமை போகிறோம். அவர் கடிதம் தந்தால் ஒவ்வொரு பக்கத்திலும் சித்தியின் பெயரையும் காப்பீட்டு எண்ணையும் எழுதிப் பின்னாலேயே அனுப்ப வேண்டும். எப்படி இருக்கீங்க என்று அவர் கேட்டால் கால் வலிக்குது என்று சொல்லுங்கள் என்று சித்தியிடம் சொல்லி வைத்திருக்கிறேன். "வந்ததும் வராததுமாவா?" என்கிறார்.