களுதாவளையில் கேட்ட "மறுகா"

மட்டக்களப்பிலிருந்து கல்முனைக்குப் பஸ்ஸில் போயிருக்கிறீர்களா? ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. காத்தான்குடியைக் கடந்து, களுவாஞ்சிக்குடிக்குச் சற்று முன்னே வருவது களுதாவளை. மணற்பாங்கான ஊர். பிள்ளையார் கோயிலும் வெற்றிலைத் தோட்டங்களும் அதன் அடையாளம். உறவினர் வீட்டுக் கலியாணத்துக்கு வெற்றிலை வாங்கவே நானும் அங்கு இறங்கினேன்.

விலை கேட்டுவிட்டு அடுத்த கடைக்கு நகர்ந்தேன். பின்னாலிருந்து ஒரு குரல்.

"என்ன மனே, கிறுகிப் போறீங்க? மறுகா வந்தா இருக்காதுகா!"

எழுபது வயதிருக்கும் அந்த மூதாட்டிக்கு. தாடியும் தொப்பியுமாக நின்ற என்னை "மனே" என்கிறார். மகனே என்பதன் சுருக்கம் அது. நான் அப்படியே நின்றுவிட்டேன். அது என் உம்மாவின் பேச்சு!

கிறுகுதல் என்றால் திரும்புதல். மறுகா என்றால் பிறகு, இன்னொரு முறை. "மறுகால்" என்பது தேய்ந்து வந்தது. நம் வீடுகளில் சொல்லும் "ஒண்ணா", பழைய நூல்களில் வரும் "ஒண்ணாது"தான். சோற்றுக்கு ஊற்றும் ஆணமும் அகராதியில் உள்ள பழஞ்சொல். பேச்சின் வாலில் ஒட்டும் அந்தக் "கா"வை வெறும் இழுப்பு என்றே நெடுநாள் எண்ணியிருந்தேன். தொல்காப்பியம் ஒரே சூத்திரத்தில் அடுக்கும் ஏழு அசைச்சொற்களில் அதுவும் ஒன்றாம்!

மண்டூர்ப் பண்டிதர் வி.சீ. கந்தையா 1964இல் "மட்டக்களப்புத் தமிழகம்" என்றொரு நூலே எழுதினார். பேச்சுத் தமிழ் வகைகளுள் இலக்கியத் தமிழுக்கு மிக நெருங்கியது மட்டக்களப்பு வழக்கே என்றார் செக் நாட்டு அறிஞர் கமில் சுவெலபில்.

இதெல்லாம் தெரியாத நான், அரபுக் கல்லூரியில் ஓதிவிட்டு வந்த புதிதில் என்ன செய்தேன் தெரியுமா? உம்மா "மறுகா" என்னும்போதெல்லாம் "பிறகு என்று சொல்லுங்கள்" என்று திருத்தினேன். விருந்தினர் முன்னிலையிலும் திருத்தினேன். நாளடைவில் என் முன்னே அவர் பேச்சையே குறைத்துக்கொண்டார்.

1990இல் நடந்தவற்றுக்குப் பின், ஒருவர் ஊருக்குள் மற்றவர் நுழைய அஞ்சிய ஆண்டுகள் பல. அவர்களுக்கு அம்மா, நமக்கு உம்மா. உறவுப் பெயர்கள் வேறுதான். ஆனால் அத்தனைக்கும் பிறகு "மறுகா" மட்டும் இரு வீட்டிலும் ஒன்றாகவே இருந்திருக்கிறது.

மூதாட்டியிடமே இரண்டு கட்டு வாங்கினேன். "மறுகாவும் வாங்க மனே" என்றார். "வாறன்கா" என்றேன். வாய் தானாகச் சொல்லிற்று.

வீட்டுக்கு வந்ததும் உம்மாவிடம் நடந்ததை விவரித்தேன். ஆவலோடு கேட்டுக்கொண்டிருந்தவர், "பிறகு என்ன சொன்னா அந்த மனுசி?" என்றார்.

பிறகு என்றார். மறுகா என்று சொல்லவில்லை.