“எங்கட புள்ளைக்கு நாங்க இரிக்கம்”

கொஞ்சம் நீளமான பதிவு. நடக்கவோ பேசவோ முடியாத பிள்ளை வீட்டில் இருந்தால் தயவுசெய்து கடைசிவரை வாசியுங்கள்.

எங்கள் பாடசாலையில் ஒரு பிள்ளை. கெட்டிக்காரி. ஆனால் கிழமையில் இரண்டு நாள் வரமாட்டாள். கேட்டால் “காய்ச்சல் டீச்சர்” என்பாள். ஒருநாள் பாடசாலை விட்டதும் நாங்கள் மூன்று டீச்சர்மார் ஆற்றங்கரைப் பக்கம் இருக்கும் அவளுடைய வீட்டுக்குப் போனோம்.

உள்ளறையில் பாயில் அவளுடைய காக்கா படுத்திருந்தார். 19 வயது. பிறந்ததிலிருந்து நடக்கவில்லை, பேச்சும் இல்லை. உம்மா இடியப்பம் அவித்து விற்பவர். அவர் வெளியில் போகும் நாளில் காக்காவைப் பார்ப்பது இந்தப் பிள்ளைதான். காய்ச்சல் அதுதான்.

“மகனுக்கு அரசாங்கக் காசு எடுக்கலையா ராத்தா?”

“எங்கட புள்ளைக்கு நாங்க இரிக்கம் டீச்சர். அல்லாஹ் தந்த புள்ளையைக் காட்டிக் கையேந்தவா?”

எங்களுக்குப் பதில் வரவில்லை. கல்வியியற் கல்லூரியில் விசேட தேவையுள்ள பிள்ளைகளைப் பற்றிப் படித்துப் பரீட்சையும் எழுதியவர்கள் நாங்கள். ஆனால் அந்தக் காசுக்கு எங்கே போய் விண்ணப்பிப்பது என்று எங்களுக்கே தெரியாது.

விசாரித்தோம். மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்க 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. வருமானம் குறைந்த குடும்பத்தில் இருக்கும் மாற்றுத்திறனாளிக்கு மாதாந்தக் கொடுப்பனவு இருக்கிறது. 2025 வரவுசெலவுத் திட்டத்தில் அதை 7,500 ரூபாவிலிருந்து 10,000 ரூபாவாகக் கூட்டினார்கள். அஸ்வெசும குடும்பக் கொடுப்பனவு வேறு, இது வேறு.

போக வேண்டிய இடம் பிரதேச செயலகம். கேட்க வேண்டியவர் சமூக சேவை உத்தியோகத்தர். ஜீ.எஸ்.ஸின் உறுதிப்படுத்தல், அரச வைத்தியரின் சான்றிதழ், அடையாள அட்டைப் பிரதி எல்லாம் வேண்டும்.

அங்கேதான் மாட்டினோம். அந்தத் தம்பிக்கு அடையாள அட்டையே இல்லை.

யோசித்துப் பாருங்கள். பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்கு அதிபர் ஊடாக அட்டை வந்துவிடும். பள்ளிக்கூடமே போகாத பிள்ளைக்கு ஜீ.எஸ். ஊடாக நாங்கள்தான் விண்ணப்பிக்க வேண்டும். 19 வருடம் அந்தத் தம்பி வீட்டில் இருந்தார், கடதாசியில் இல்லை.

இரண்டாம் முறை போனபோது உம்மாவிடம் சொன்னோம்: “ராத்தா, நீங்க சவர்க்காரம் வாங்கினாலும் 18 வீதம் வற் வரி கட்டுறீங்க. இது ஸகாத்தும் இல்ல, பிச்சையும் இல்ல. உங்கட காசிலதான் ஒரு பங்கு உங்கட மகனுக்குத் திரும்பி வருது.” அவர் ஒன்றும் சொல்லவில்லை. பெட்டியைத் திறந்து பிறப்புச் சான்றிதழை எடுத்து வந்தார்.

ஓட்டோவில் தூக்கிக்கொண்டு ஸ்டூடியோவுக்குப் போனோம். தம்பிக்குக் கழுத்து நிற்காது. உம்மா பின்னால் குனிந்து மறைந்து தலையைப் பிடித்துக்கொண்டார். படம் எடுத்து முடித்ததும் தம்பி சிரித்தார். வெளியில் வந்து வெகுநாளாம்.

வைத்தியரிடம் போன முதல் நாள் படிவத்தில் ஒரு கையொப்பம் குறைகிறது என்று திரும்பி வந்தோம். ஆகவே ஒரு கடதாசி வாங்கினால் அங்கேயே நின்று ஒருமுறை வாசித்துப் பாருங்கள். எல்லாவற்றிலும் ஒரு பிரதி வீட்டில் வையுங்கள். கொடுத்த திகதியையும் வாங்கியவரின் பதவியையும் எழுதி வையுங்கள். “செய்து தாறன்” என்று காசு கேட்பவரை நம்ப வேண்டாம்.

காசு இன்னும் வரவில்லை. விண்ணப்பம் உள்ளே இருக்கிறது, நாங்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறோம். ஆனால் அடையாள அட்டை வந்துவிட்டது. அதை உம்மா வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். மகனின் முழுப் பெயரை அச்சில் அன்றுதான் பார்த்தாராம்.

எங்கள் தெருக்களில் இப்படி எத்தனை உள்ளறைகள் இருக்கும்? உங்கள் பிள்ளையை மறைக்காதீர்கள். இன்றைக்கே அடையாள அட்டை இருக்கிறதா என்று பாருங்கள். படிவம் நிரப்பத் தெரியாவிட்டால் பாடசாலை விட்டபின் எங்களிடம் வாருங்கள், நாங்கள் எழுதித் தருகிறோம்.

முகநூல் பார்க்காத பக்கத்து வீட்டு உம்மாமாருக்கு இதை வாசித்துக் காட்டுங்கள்.