மச்சில் கிடந்த மருந்து டப்பா

போன மாதம் மண் பரிசோதனை அட்டை வாங்க ஓர் அம்மா அலுவலகத்துக்கு வந்திருந்தார். சாத்தான்குளத்துக்குத் தெற்கே தேரி ஓரத்து ஊர். முருங்கை 2 ஏக்கர், கணவர் துபாயில். அட்டையை வாங்கிய பிறகும் போகாமல் நின்றார். "சார், வேற ஒண்ணு கேக்கணும். எங்க மாமா செத்து ரெண்டு வருஷம் ஆச்சு. அவிய துப்பாக்கிக்குப் போடுத மருந்து மச்சுல ஒரு டப்பா கெடக்கு. மழைத்தண்ணி ஒழுகிக் கட்டியாயிட்டு. வெயில்ல காயவச்சு எடுத்து வைக்கவா, இல்ல கெணத்துல கொட்டிரவா?"

காயவைக்கவா என்ற சொல்லைக் கேட்டதும் எனக்கு அப்பாவின் கை ஞாபகம் வந்தது.

எங்கள் அப்பாவிடமும் பயிர்ப் பாதுகாப்புக்கென்று லைசென்ஸ் வாங்கிய ஒற்றைக் குழல் நாட்டுத் துப்பாக்கி இருந்தது. வாய்வழியாகக் கருமருந்து போட்டு, தேங்காய் நார் வைத்துக் கம்பியால் இடித்து, குதிரைக்கு அடியில் கேப்பு மாட்டிச் சுடுவது. கிணற்றுத் தோட்டத்தில் நிலக்கடலை முற்றும்போது நரியும் முயலும் வரும். பெரும்பாலும் குண்டு போட மாட்டார், வெறும் சத்தம்தான். ஒரு கார்த்திகை மழைக்குப் பிறகு மருந்து ஈரம் கோத்துவிட்டது. சுளகில் பரப்பி முற்றத்தில் காயவைத்தார். பத்தடி தள்ளி அம்மா நெல் அவித்துக்கொண்டிருந்தாள். பனையோலைத் தீ. காற்று திரும்பியது, ஒரு பொறி பறந்தது. சத்தம்கூடப் பெரிதாக இல்லை. புஸ்ஸென்று வெள்ளைப் புகை, அவ்வளவுதான். சுளகைக் கிண்டிக்கொண்டிருந்த வலது கை முழங்கை வரை வெந்துவிட்டது. திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் 18 நாள். அதற்குப் பிறகு கடைசி வரைக்கும் அவரால் மண்வெட்டிக் கணையை இறுக்கிப் பிடிக்க முடியவில்லை. கேப்பு டப்பாவை ஆச்சி முன்னாலேயே உள்ளே எடுத்துப் போயிருந்ததால் மற்றவர்கள் பிழைத்தோம் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

கிள்ளிகுளத்தில் வேளாண்மை படிக்கும்போதுதான் எனக்கு விஷயம் விளங்கியது. கருமருந்தில் இருப்பது வெடியுப்பு, கந்தகம், கரி. வெடியுப்பு தண்ணீரில் கரையும். நனைந்து காய்ந்தால் அது ஓரிடத்தில் பூத்துக் கட்டியாகிவிடும், கலவை ஒரே சீராக இருக்காது. அந்த மருந்தை அளந்து போட்டாலும் குழலுக்குள் எப்படி எரியும் என்று சொல்ல முடியாது. ஆனால் பொறி பட்டால் பற்றிக்கொள்ளும் குணம் மட்டும் போகாது. அதனால் நனைந்த மருந்தைக் காயவைக்கவே கூடாது. கட்டியைத் தட்டி உடைக்கவும் கூடாது. கேப்பு அதைவிடப் பொல்லாதது. அதற்கு நெருப்புகூட வேண்டாம், ஓர் அடி, ஓர் உரசல் போதும். களிம்பு ஏறிய பழைய கேப்பைச் சுரண்டிப் பார்ப்பவர்களைக் கண்டிருக்கிறேன். விரல் இருக்கிறவரைதான் அந்த விளையாட்டு.

மறுநாள் அந்த அம்மா வீட்டுக்குப் போனேன். மச்சில் ஏறிப் பார்த்தால் வயிறு கலங்கியது. பழைய பால்மாவு டப்பாவில் மருந்து. அதற்குள்ளேயே ஒரு துணி முடிச்சில் கேப்பும் ஈயக் குண்டும். பக்கத்தில் சாம்பல் நோய்க்கு வாங்கிய கந்தகத் தூள், சொட்டுநீரில் விட வாங்கிய 13-0-45 மூட்டை, மூலையில் மண்ணெண்ணெய் கேன். கீழே சரியாக அடுப்படி. 13-0-45 என்று நாம் சொல்லும் உரம் வெடியுப்பேதான், பொட்டாசியம் நைட்ரேட். தானாக எரியாது, ஆனால் எரிகிற எதையும் மூர்க்கமாக எரிய வைக்கும். வீட்டில் துப்பாக்கியே இல்லாதவர்களும் இதைக் கவனியுங்கள்: அந்த மூட்டையைக் கந்தகம், டீசல், வைக்கோல் இவற்றோடு ஒரே அறையில் போடாதீர்கள்.

துப்பாக்கி எங்கே என்று கேட்டேன். "எலெக்சனுக்கு ஸ்டேஷன்ல குடுத்தாவ, திரும்ப எடுக்கதுக்குள்ள மாமா போயிட்டாவ" என்றார். இது பல வீடுகளில் உள்ள கதை. துப்பாக்கியை எல்லோரும் ஞாபகம் வைத்துக்கொள்கிறோம், தேர்தலுக்குத் தேர்தல் ஒப்படைக்கிறோம். மருந்து பரணிலேயே கிடக்கிறது.

லைசென்ஸ் உயிரோடு இருப்பவர்கள் எப்படி வைக்க வேண்டும் என்றால், மருந்தைக் கடைக்காரர் கொடுத்த டப்பாவிலேயே, வாங்கிய தேதி எழுதி, ஈரமும் வெயிலும் படாத பூட்டிய மரப்பெட்டியில் வையுங்கள். கேப்பு வேறு அறையில், அதன் சொந்தப் பெட்டியில். பழைய மருந்தோடு புதியதைக் கொட்டாதீர்கள். சிம்னி விளக்கோ பீடியோ கையில் இருக்கும்போது திறக்காதீர்கள். லைசென்ஸ் புத்தகத்தில் எழுதிய அளவுக்கு மேல் வீட்டில் ஒரு கிராம்கூட இருக்கக் கூடாது. அமெரிக்காவில் வேட்டைக்காரர்கள் வீட்டிலேயே தோட்டா நிரப்பிக்கொள்கிறார்கள். அங்கேயும் மேஜைமேல் ஒரு நேரத்தில் ஒரே மருந்து டப்பாதான், கேப்பு அது வந்த தட்டிலேயே என்றுதான் பழக்கம். நம் நாட்டில் லைசென்ஸ் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம்.

பன்றித் தொல்லை பற்றி இந்தப் பத்திரிகைக்கு வரும் கடிதங்கள் எனக்குத் தெரியும். லைசென்ஸ் இருக்கிறது என்பதற்காகப் பன்றியைச் சுட்டுவிட முடியாது, காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வருவதைக்கூட வனத்துறையினர்தான் சுடலாம். மிச்ச மருந்தை வைத்து அவுட்டுக்காய் கட்டலாம் என்று ஒருவர் என்னிடமே சொன்னார். 2020 மே மாதம் பாலக்காட்டுப் பக்கம் வெடி வைத்த காயைக் கடித்துச் செத்த சினையானையை நினைத்துக்கொள்ளுங்கள் என்றேன். அவர் பேச்சை மாற்றிவிட்டார்.

உரிமம் பெற்றவர் இறந்துவிட்டால் துப்பாக்கியானாலும் மருந்தானாலும் தாமதிக்காமல் பக்கத்துக் காவல் நிலையத்திலோ லைசென்ஸ் பெற்ற ஆயுதக் கடையிலோ ஒப்படைக்க வேண்டும். 1959-ம் வருட ஆயுதச் சட்டத்தின் 21-ம் பிரிவு அது. கிணற்றில் கொட்டுவதும் குழி தோண்டிப் புதைப்பதும் தீர்வல்ல. கெட்டுப்போன மருந்தை நாமே பைக்கில் தூக்கிக்கொண்டு போகவும் வேண்டாம்.

"ஸ்டேஷனுக்குப் பொம்பள தனியாப் போகவா சார்? கேஸ் கீஸ் போட்டுருவாவளோ?" அந்தப் பயத்தை நான் சிரித்துத் தள்ளவில்லை. கிராம நிர்வாக அலுவலரையும் கூட்டிக்கொண்டு மூன்று பேராகப் போனோம். லைசென்ஸ் புத்தகம், இறப்புச் சான்றிதழ் நகல், என்னென்ன இருக்கிறது, எங்கே இருக்கிறது என்று ஒரு கடிதம். கடிதத்தின் நகலில் முத்திரை வாங்கிக்கொண்டோம், இதை மறக்காதீர்கள். இரண்டு நாளில் விவரம் தெரிந்த ஆட்களோடு வந்து எடுத்துப் போனார்கள். அதுவரை அடுப்பை அந்த அம்மா கொல்லைக்கு மாற்றியிருந்தார், பிள்ளைகள் ஆச்சி வீட்டில்.

எல்லாம் முடிந்து கிளம்பும்போது, "இனி மச்சுல முருங்கை விதை போட்டு வைக்கலாமா சார்?" என்று கேட்டார். ஓடு மாற்றிவிட்டு வையுங்கள், ஒழுகினால் விதை பூஞ்சாணம் பிடிக்கும் என்றேன்.