தெற்கு நோக்கி ஒரு பயணம்

வாகனம் சிலருக்கு அந்தஸ்தின் சின்னம். வேறு சிலருக்குப் பொழுதுபோக்கு. உழைத்து வாழ்பவனுக்கோ அது இன்னொரு கால். 1978ஆம் ஆண்டு முதல் மோட்டார் சைக்கிளோடு வாழ்ந்துவரும் நாம் இவ்வுண்மையை நூல்களிலே கற்கவில்லை. வடமராட்சித் தெருக்களிலே கற்றோம்.

1990இல் போர் மீண்டும் மூண்டபின், பொருளாதாரத் தடையினால் யாழ்ப்பாணத்திலே பெற்றோல் கிட்டாப் பொருளாயிற்று. சில துளி பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு எஞ்சினை உயிர்ப்பித்து, பின்னர் மண்ணெண்ணெயிலே ஓட மக்கள் பழகிக்கொண்டனர். புகை கண்ணை எரிக்கும். பிளக்கிலே கரி படிந்து வண்டி நடுவழியில் நின்றுவிடும். ஆயினும் அந்த வண்டிகளின் பின்னிருக்கையிலேதான் பிள்ளைத்தாய்ச்சிகளும் காய்ச்சலில் துவண்ட குழந்தைகளும் வைத்தியசாலைக்குச் சென்றனர். நாமும் எத்தனையோ பேரை அவ்வாறு ஏற்றிச் சென்றோம். ஏறியவர் தம்மை இரவலராக எண்ணவில்லை. நாமும் எம்மை வள்ளலாக எண்ணவில்லை. இன்று உனக்கு, நாளை எனக்கு என்ற அயலுறவே அங்கு சட்டமாயிருந்தது.

இப்பொழுது, முதுமை வாசலில் நிற்கும் வேளையில், நண்பர் சிலருடன் பருத்தித்துறையிலிருந்து தெய்வேந்திரமுனை வரை செல்ல ஆயத்தமாகிறோம். வழியிலே திரட்டும் பணம் மதவாச்சி, பதவியாப் பகுதிகளின் சிறுநீரக நோயாளரைச் சேரும். பழைய ஹொண்டாவுக்குப் புதிய செயினும் ரயர்களும் பூட்டியாயிற்று. மேலதிகமாக ஒரு கிளச் கேபிளும் கைவசம் உண்டு. இளகாத முதுகைப் பழக்குவதற்காக விடியற்காலையில் ஆனையிறவு வரை ஓடித் திரும்புகிறோம். இதைக் கண்ட அயல்வீட்டுப் பெரியவர், “தம்பி, எங்கட ஊரிலை வருத்தக்காரர் இல்லையே? ஏன் அங்கை கொண்டுபோய்க் குடுக்கிறியள்?” என்று கேட்டார்.

கேள்வி நியாயமானது, விடையும் உண்டு. 1990களிலே வடமத்திய மாகாண விவசாயிகளிடையே புதுவகைச் சிறுநீரக நோயொன்று கண்டறியப்பட்டது. நீரிழிவோ உயர் இரத்த அழுத்தமோ அதற்குக் காரணமல்ல. கிணற்று நீரின் புளோரைட்டு, அதன் கடினத்தன்மை, விவசாய நஞ்சுகள், கொளுத்தும் வெயிலில் தாகத்தோடு உழைத்தல் எனப் பலவும் ஆராயப்பட்டுள்ளன. இதுவே காரணம் என எதுவும் நிறுவப்படவில்லை. ஆனால் நோய் பெரிதும் யாரைத் தேடி வருகிறது என்பதில் ஐயமில்லை: வயலிலே இறங்குபவனை. நோய் முற்றினால் வாரத்தில் இரண்டு, மூன்று தடவை, தடவைக்குச் சுமார் நான்கு மணி நேரம், இயந்திரத்தோடு பிணைந்து கிடந்து இரத்தத்தைச் சுத்திகரிக்க வேண்டும். அன்று கூலி இல்லை. பஸ் செலவு மட்டும் உண்டு. வவுனியாவின் தமிழ் விவசாயியையும் இந்நோய் விட்டுவைக்கவில்லை. சிறுநீரகத்துக்கு மொழி ஏது?

2022இல் பெற்றோலுக்காக நாடு முழுவதும் வரிசையில் நின்றது. மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர் என்ற பங்கீடும் வந்தது. வற்றிய தாங்கியின் துயரத்தை அன்று தெற்கும் அறிந்தது. வற்றிய கிணற்றின் துயரத்தையும் நஞ்சேறிய கிணற்றின் அச்சத்தையும் நாம் அறியவேண்டாமா?

எனினும் ஒன்றை மறத்தலாகாது. எமது உண்டியல் சில நோயாளரின் பஸ் செலவைத் தீர்க்கலாம். சில வீடுகளுக்கு நீர் வடிகட்டிகளைக் கொடுக்கலாம். அதற்கு மேல் அதனால் இயலாது. நல்ல குடிநீர் தருமமன்று, உரிமை. ஆகவே தங்குமிடந்தோறும் உண்டியலோடு ஒரு கேள்வியையும் தமிழிலும் சிங்களத்திலும் முன்வைப்போம்: நாட்டுக்குச் சோறு போடுபவனுக்கு நல்ல தண்ணீர் கொடுக்க இயலாதா?